மாடித் தட்டும் ஆகாசத்து இரைச்சலும்

நமது ஊர்களில் வீட்டு மாடிகளின் மேல் ஒரு நூதன வஸ்து முளைத்து வருவதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். டெலிவிஷனுக்காக வைக்கும் குழிந்த தட்டைச் சொல்லவில்லை. அது சந்நியாசியைப் போல் ஆகாசத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். நான் சொல்வது, தூரத்தில் தெரியும் ஏதோ ஒரு கோபுரத்தை நேருக்கு நேர் வெறித்துப் பார்த்தபடி நிற்கும் சிறு தட்டு அல்லது வெள்ளைப் பெட்டி. தெருவைத் தோண்டிக் கம்பி புதைக்காமல், ரேடியோ அலைகளின் மூலமாகவே வீட்டுக்குள் இன்டர்நெட்டைக் கொண்டு வந்து சேர்க்கும் சாதனம் அது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏர்டெல் கம்பெனியாரும், செப்டம்பரில் பிள்ளையார் சதுர்த்தியன்று ஜியோ கம்பெனியாரும் இவ்விதச் சேவையை நம் தேசத்தின் சில பெரு நகரங்களில் ஆரம்பித்தார்கள். அதற்கு வெகு காலம் முன்பே சிறு கம்பெனிகளும் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் இந்த வித்தையைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் தட்டைப் பற்றி வீட்டுப் பெண்மணிகள் முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "காலையில் நன்றாகத்தானே இருந்தது? சாயங்காலம் ஏழு மணியானால் ஏன் இப்படித் திக்கித் திணறுகிறது?" ஊரார் எல்லோரும் ஒரே சமயத்தில் படம் பார்க்க உட்கார்ந்துவிடுவது ஒரு காரணம். அதற்கு நம்மிடம் மருந்து இல்லை. மற்றொரு காரணம் இடைஞ்சல். அதாவது, நமக்கு வேண்டிய அலையின் மேல் வேண்டாத அலைகள் வந்து ஏறிக்கொள்வது. இவ்வாரம் அதைப் பற்றியே பேசலாம் என்று உத்தேசம்.

பழைய ரேடியோப் பெட்டியில் இடைஞ்சல் வந்தால் காதுக்கே தெரிந்துவிடும். கரகரவென்று சத்தம் வரும். அல்லது சங்கீதக் கச்சேரியில் பல்லவி பாடிக்கொண்டிருக்கையில் நடுவே வேறொரு நிலையத்தார் புகுந்து எள் பயிரிடுவது எப்படி என்று விவரிப்பார்கள். இன்டர்நெட் ரேடியோவில் அந்தத் தமாஷ் கிடையாது. இதில் செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறார்கள். வழியில் சரிப்படுத்த முடியாதபடி சிதைந்து போன பொட்டலத்தை மறுமுனை யந்திரம் குப்பையில் போட்டுவிட்டு, "இன்னொரு தடவை அனுப்பு" என்கிறது. அதுவும் சிதைந்தால் மறுபடியும் கேட்கிறது. இப்படி இடைஞ்சலானது சத்தமே இல்லாமல், தாமதம் என்ற வேஷத்தில் நம் வீட்டுக்குள் நுழைகிறது.

இந்த வேண்டாத அலைகள் எங்கிருந்து வருகின்றன? ஸர்க்கார் ஏலம் போட்டு விற்ற அலைவரிசையில் வேற்றார் யாரும் வாய் திறக்கக்கூடாது. அங்கே தொந்தரவு பெரும்பாலும் ஒரே கம்பெனியின் கோபுரங்களுக்குள் நடக்கும் தாயாதிச் சண்டைதான். ஆனால் லைசென்ஸ் வேண்டாத பொது வரிசைகளும் சில இருக்கின்றன. வினாடிக்கு 240 கோடி அதிர்வுள்ள பகுதி ஒன்று. இந்திய ஸர்க்கார் 2005-ல் இதை லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்க அனுமதித்தார்கள். 515 கோடிக்கும் 587½ கோடிக்கும் இடையே, நடுவில் ஓரிடம் நீங்கலாக, 605 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பகுதியை 2018-ல் திறந்துவிட்டார்கள். வீட்டு வைஃபை, கடைத்தெரு வைஃபை, மாடித் தட்டுகள் எல்லாம் இங்கேதான் குடியிருக்கின்றன. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருப்பவர்கள் அறிய வேண்டியது, அதுவும் 245 கோடி அதிர்வில் பாடும் ஒரு பாடகர் என்பது. கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும் அருகிலுள்ள ரேடியோவுக்கு அது இடி முழக்கம்.

இந்தப் பொது வரிசைகள் தர்மச் சத்திரம் போன்றவை. யாரும் வந்து தங்கலாம், வாடகை இல்லை. ஆனால் பக்கத்து அறைக்காரர் குறட்டை விடுகிறார் என்று சத்திரத்து மணியக்காரரிடம் புகார் செய்ய முடியாது. சட்டத்தின் கருத்தும் அதுவேதான்: பிறருக்கு இடைஞ்சல் செய்யலாகாது, தனக்கு இடைஞ்சல் நேர்ந்தால் பாதுகாப்புக் கோரவும் உரிமை கிடையாது.

அப்படியானால் இங்கே பிழைப்பது எப்படி? சாமான்யமாக எல்லோருக்கும் தோன்றும் யோசனை, இன்னும் உரக்கக் கத்துவது. "சக்தியைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள், ஸார்" என்று தட்டுப் பூட்ட வந்தவரிடம் சொல்லாத வீடே இல்லை. பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும் வகுப்பில் உபாத்தியாயர் குரலை உயர்த்தினால் என்ன ஆகும் என்பது இருபது வருஷமாக வகுப்பில் நிற்கும் எனக்குத் தெரியும். பிள்ளைகளும் உயர்த்துவார்கள். ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் கத்துவார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. இதற்குக் கணக்கும் இருக்கிறது. 1948-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த கிளாட் ஷானன் என்பவர், இரைச்சலின் நடுவே எவ்வளவு செய்தி அனுப்ப முடியும் என்பதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். வந்து சேரும் குரல் இரைச்சலைப் போல் ஆயிரம் மடங்கு இருக்கையில் ஒரு குறித்த நேரத்தில் பத்து எழுத்துக்கள் அனுப்ப முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்தியை இரட்டித்தால் இருபது எழுத்துக்கள் போகாது, பதினொன்றுதான் போகும். மறுபடி இரட்டித்தால் பன்னிரண்டு. செலவு இரட்டிக்க இரட்டிக்க வரவு ஒவ்வொன்றாகத்தான் ஏறுகிறது. இதற்குள் பக்கத்து மாடிக்காரரும் தம் சக்தியை இரட்டித்துவிட்டால் அந்த ஒன்றும் போயிற்று.

ஆகையால் விஷயம் தெரிந்தவர்கள் சக்தியைப் பெருக்குவதை விட்டு, அதைக் குவிக்கப் பார்க்கிறார்கள். வயல் வெளியில் தூரத்தில் உள்ளவரைக் கூப்பிடும்போது இரு கைகளையும் வாயருகே குவித்துக்கொள்கிறோம் அல்லவா? பதிலைக் கேட்கும்போது அதே கைகளைக் காதருகே கொண்டு போகிறோம். மாடியில் உள்ள தட்டு இந்த இரண்டு காரியங்களையும் செய்கிறது. 580 கோடி அதிர்வுள்ள அலைக்கு நீளம் சுமார் ஐந்து சென்டிமீட்டர். இரண்டடி விட்டமுள்ள தட்டைக் கொண்டு அதைச் சுமார் ஆறு டிகிரி அகலத்துக்குள் குவித்துவிடலாம். முழு வட்டத்துக்கு 360 டிகிரியாயிற்றே. மற்றத் திசைகளிலிருந்து வரும் இரைச்சலுக்கு அந்தத் தட்டு ஏறக்குறையச் செவிடு. நிலையாக நிற்கும் ரேடியோவுக்கு இருக்கும் பெரிய சௌகரியம் இதுவே. சட்டைப் பையில் திரியும் டெலிபோனுக்கு எந்தப் பக்கம் காதை வைப்பது என்று தெரியாது.

"ஏறக்குறைய" என்று சொன்னதில் ஒரு சங்கதி இருக்கிறது. எவ்வளவு நல்ல தட்டாயிருந்தாலும் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவு எவ்வளவு தொல்லை கொடுக்கும், அதை ஜயித்தது எப்படி என்பதற்கு நம் தமிழ் நாட்டிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது.

டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குத் தேனியில் ஒரு கிளை உண்டு. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் "பார்வை மையம்" என்ற பெயரில் சிறு நிலையங்கள் வைத்தார்கள். அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண்கள் இருப்பார்கள். அவர்கள் நோயாளியின் கண்ணைப் பரிசோதித்த பிறகு, தேனியில் உள்ள டாக்டர் திரையின் வழியாக நோயாளியைப் பார்த்துப் பேசி, கண்ணாடி போதுமா, மருந்து போதுமா, ஆஸ்பத்திரிக்கு வரத்தான் வேண்டுமா என்று சொல்லிவிடுவார். கூலி வேலைக்குப் போகும் ஒரு கிழவிக்கு இதனால் மிச்சமாவது பஸ் கட்டணம் மாத்திரமல்ல. ஒரு நாள் கூலியும், துணைக்கு வரும் மகனின் ஒரு நாள் கூலியும் மிச்சம். ஆனால் படம் தெளிவாகவும் தடையில்லாமலும் வர வேண்டும். பாதிப் பேச்சில் டாக்டரின் முகம் கல்லாய்ச் சமைந்துவிட்டால், அந்தக் கிழவி அடுத்த தடவை வரவே மாட்டாள்.

கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலி சர்வகலாசாலையில் எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் கோஷ்டியார், இந்த மையங்களையும் தேனியையும் சாதாரண வைஃபை ரேடியோக்களைக் கொண்டு இணைத்தார்கள். வைஃபை என்பது ஒரு வீட்டுக் கூடத்துக்காக உண்டான சாதனம். பல கிலோமீட்டர் தூரத்துக்கு அதை நீட்டியதும் அதன் நல்ல குணங்களே கெட்ட குணங்களாகிவிட்டன.

வைஃபைக்கு இரண்டு மரியாதைகள் உண்டு. பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்க்கும். ஒவ்வொரு பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். கூடத்துக்குள் இவை இரண்டும் பொருத்தமே. ஆனால் 15 கிலோமீட்டர் தூரத்தை ஒளியின் வேகத்தில் கடப்பதற்கே ஐம்பது மைக்ரோ வினாடி ஆகிறது. பதில் வர இன்னும் ஐம்பது. அனுப்பிய யந்திரமோ பொறுமையிழந்து, பொட்டலம் தொலைந்தது என்று தீர்மானித்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். இரு முனையும் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்பதற்குள் இரண்டு பேரும் பேசி மோதிக்கொள்வதும் உண்டு. இதைவிடப் பெரிய கஷ்டம் ஒரே கோபுரத்தில் பல ஊர்களுக்காகப் பல தட்டுகள் இருப்பது. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பிய சக்தியில் ஒரு கோடியில் ஒரு பங்குகூட இங்கே வந்து சேர்வதில்லை. அந்த முணுமுணுப்பை ஒரு தட்டு உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, இரண்டு முழத்துக்கு அப்பால் இருக்கும் மற்றொரு தட்டு வாய் திறந்தால் அதன் பக்கக் கசிவே போதும், காது செவிடாவதற்கு.

இதற்குப் பரிகாரம் கண்டவர்கள் நம் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் என்பதை இந்தப் பத்திரிகையின் நேயர்களுக்குச் சொல்வதில் எனக்கு விசேஷ சந்தோஷம். பாஸ்கரன் ராமன், காமேசுவரி செப்ரோலு ஆகிய இருவரும் 2005-ல் வெளியிட்ட முறை கேட்பதற்கு வெகு சுலபமாயிருக்கும். ஒரு கோபுரத்தில் உள்ள தட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் பேசட்டும். பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும். பேசிக்கொண்டிருப்பவன் காதில் பக்கத்திலிருப்பவன் கத்தினால் நஷ்டம் என்ன? கோபுரம் பேசும் முறை வரும்போது மற்ற ஊர்கள் கேட்க வேண்டும். அவை பேசும் முறையில் கோபுரம் கேட்க வேண்டும். பஜனை கோஷ்டியில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வதைப் போல.

பெர்க்கிலிக்காரர்கள் இதை அஸ்திவாரமாகக் கொண்டு மேலே கட்டினார்கள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ரசீது கேட்பதை விட்டு, ஒரு கட்டுக்கு ஒரே ரசீது என்று வைத்தார்கள். பத்துப் பொட்டலங்களோடு, கணக்குப் போட்டுத் தயாரித்த இரண்டு உபரிப் பொட்டலங்களையும் சேர்த்து அனுப்பினால், பன்னிரண்டில் எவை பத்து வந்து சேர்ந்தாலும் முழுச் செய்தியையும் மீட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கணித வித்தை உண்டு. தேவைக்குத் தக்கபடி அதையும் உபயோகித்தார்கள். 2007-ல் அவர்கள் பிரசுரித்த கட்டுரையின்படி, சாதாரண வைஃபையைக் காட்டிலும் இரண்டு முதல் ஐந்து மடங்கு செய்தி சென்றது. அதே வருஷத்தில் இந்த முறையை அமைத்த ரேடியோக்களைக் கொண்டு வெனிசுவேலா தேசத்தில் எர்மானோ பியத்ரோசெமோலி என்பவர் 382 கிலோமீட்டர் தூரத்தை எட்டிப் பிடித்தார். மலைச் சிகரத்திலிருந்து மலைச் சிகரத்துக்குத்தான். இருந்தாலும் சென்னையிலிருந்து திருச்சிக்கும் அப்பால்!

அவர்களுடைய ஆராய்ச்சியில் மற்றொரு விஷயம் வெளிப்பட்டது. பொட்டலங்கள் தொலைவதற்கு மலையோ மரமோ முக்கிய காரணமல்ல. ஒரு முனை நகரத்தில் உள்ள இணைப்புகளில்தான் சேதம் அதிகம். காரணம், அங்கேயுள்ள பிறர் வைஃபை. கிராமத்துக்குள்ளேயே செல்லும் இணைப்பு, தூரம் அதிகமானாலும் சுத்தமாக இருந்தது.

பிறர் வைஃபையோ நாம் சொல்லும் முறைக்கு உட்படாது. அதற்கு ரேடியோக்கள் கையாளும் இன்னொரு தந்திரம், நிதானமாகப் பேசுவது. இரைச்சல் குறைவாயிருக்கும்போது ஒரு துடிப்பில் எட்டு இலக்கங்களைத் திணித்து அனுப்புகிற யந்திரம், இரைச்சல் மிகுந்தால் ஆறு, நான்கு, இரண்டு, ஒன்று என்று படிப்படியாக இறங்கி வரும். ஆனால் இது எல்லா நோய்க்கும் மருந்தாகாது. இடைவிடாத "ஹோ" என்ற இரைச்சலுக்கு நிதானப் பேச்சு நல்லது. விட்டு விட்டு வரும் வெட்டு இரைச்சலுக்கோ அதுவே விஷம். ரயில்வே கேட் அருகே இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க வேண்டுமானால் வேகமாகச் சொல்பவனே ஜயிப்பான். இழுத்து இழுத்துப் பேசுகிறவன் வாக்கியத்தின் நடுவில் அடுத்த வண்டி வந்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாத யந்திரம், மோதலைக் கண்டு பயந்து மேலும் மேலும் மெதுவாகப் பேசி, மேலும் மேலும் மோதிக்கொண்டு நிற்கும். சாயங்காலத்தில் சில தட்டுகள் தவிப்பது இதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

அலையின் சாய்வைக் கொண்டும் இடைஞ்சலை விலக்கலாம். ரேடியோ அலை கிடையாகவும் அசையும், செங்குத்தாகவும் அசையும். கிடையலையைக் கேட்கும்படி வைத்த ஆன்டெனாவுக்குச் செங்குத்தலை அவ்வளவாகக் கேட்பதில்லை. பக்கத்து மாடிக்காரர் செங்குத்தாகப் பேசினால் நாம் கிடையாகப் பேசித் தப்பித்துக்கொள்ளலாம். இந்தப் பேச்சை எடுத்தால் ஜகதீச சந்திர போஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்கத்தா பிரசிடென்ஸி காலேஜில் ஆசிரியராக இருந்த அவர், 1895-ல் சுவரைத் தாண்டி ரேடியோ அலையை அனுப்பி மணியை அடிக்கவும், வெடி மருந்தை வெடிக்கவும் செய்து காட்டினார். அரை சென்டிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கி, அவை எந்தச் சாய்வில் அசைகின்றன என்பதையும் ஆராய்ந்தார். ஒரு சாய்வை மட்டும் வடிகட்ட அவர் உபயோகித்த கருவிகளில் ஒன்று, பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தகடு செருகிய பிராட்ஷா ரயில்வே கால அட்டவணை! ரயில் எப்போது வரும் என்று சொல்வதைக் காட்டிலும் நிச்சயமான காரியத்தை அந்தப் புஸ்தகம் செய்தது அப்போதாகத்தான் இருக்கும். அவர் கையாண்ட வினாடிக்கு 6,000 கோடி அதிர்வுள்ள அலைகளை இப்போது பல தேசங்களில் மாடிக்கு மாடி இன்டர்நெட் அனுப்ப உபயோகிக்கிறார்கள். காற்றிலுள்ள பிராண வாயு இவ்வலைகளை விழுங்கிவிடுகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் தாண்டும்போதும் வாயுவின் பசிக்குப் பின் முப்பதில் ஒரு பங்கே மிச்சம். தூரம் போகாது என்பது குறைதான். ஆனால் அடுத்த பேட்டைக்காரரின் இரைச்சலும் நம்மை எட்டாது. கிடை, செங்குத்து என்னும் உபாயத்துக்கோ மவுசு குறைந்துவிட்டது. புதிய ரேடியோக்கள் பேராசைப்பட்டு இரண்டு சாய்விலும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்புவதால் ஒதுங்குவதற்கு இடமில்லை.

மிகப் புதிய கருவிகள் பல சிறு ஆன்டெனாக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் வந்து சேரும் அலையைக் கூட்டிக் கழித்து, இடைஞ்சல் வரும் திசையில் மட்டும் காதைப் பொத்திக்கொள்கின்றன. கல்யாணப் பந்தலில் நாதஸ்வரமும் சமையற்காரர் சத்தமும் சேர்ந்து ஒலிக்கையில், எதிரே இருக்கும் சம்பந்தியின் பேச்சை மாத்திரம் நாம் பிரித்துக் கேட்பதைப் போன்ற காரியம். இடைஞ்சல் இடம் மாறினால் பொத்தும் திசையும் நொடியில் மாறும். விலை மட்டும் சற்று அதிகம்.

இடம் விட்டு இடம் மாறுவதும் உண்டு. வானிலை ராடார்கள் சில, 560 கோடிக்கும் 565 கோடிக்கும் இடைப்பட்ட பகுதியில் மழை மேகத்தைத் தேடுகின்றன. 2009-ல் போர்ட்டோ ரீக்கோ தீவின் விமான நிலைய ராடாரில் இன்டர்நெட் ரேடியோக்களின் இடைஞ்சல் கோடு கோடாக விழுந்தது. விமானம் இறங்கும் இடத்தில் இது விளையாட்டல்ல. அமெரிக்க அதிகாரிகள் அபராதம் போட ஆரம்பித்தார்கள். ராடாரின் துடிப்பு காதில் விழுந்தால் ரேடியோவானது பத்து வினாடிக்குள் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும். அரை மணி நேரம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது விதி.

முறை வைத்துப் பேசும் தேனி மாதிரி ரேடியோவைப் பற்றி ஒரு குறையையும் சொல்லிவிடுவது நியாயம். தன் கோஷ்டிக்குள் அது வெகு ஒழுங்கு. ஆனால் பேசுமுன் கேட்டுப் பார்க்கும் பழைய மரியாதையை அது விட்டுவிட்டது. அதன் வழியில் இருக்கும் பலசரக்குக் கடைக்காரரின் வைஃபை மரியாதையாகக் காத்துக் காத்துச் சலித்துப் போகலாம். கண் ஆஸ்பத்திரிக்கும் கடைக்காரருக்கும் சட்டத்தின் முன் ஒரே அந்தஸ்து, அதாவது இருவருக்கும் புகார் செய்ய உரிமையில்லை. ஆகாச அலைகள் பொது ஜனங்களின் சொத்து என்று நமது சுப்ரீம் கோர்ட்டு 1995-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எல்லாவற்றையும் ஏலம் போட்டுவிட்டால் பெரிய கம்பெனிகள் லாபம் உள்ள தெருவில் மட்டும் கடை வைக்கும். சின்ன ஊர்ப் பார்வை மையத்துக்குக் கதவடைப்பு. சத்திரம் சத்திரமாகவே இருக்கட்டும் என்பதே என் கட்சி. ஆனால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் முதலிய தர்மங்களுக்கென்று அதில் ஓர் அறையை ஒதுக்குவதில் ஸர்க்காருக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.

மாடியில் தட்டு வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. இணைப்புத் திணறினால், தட்டுப் பூட்டியவரிடம் சக்தியைக் கூட்டச் சொல்லாதீர்கள். காற்றோ குரங்கோ தட்டைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆறு டிகிரி அகலத்தில் மூன்று டிகிரி விலகினாலே பாதிச் சக்தி போய்விடும். தட்டைச் சற்றுக் கீழே இறக்கி, கோபுரம் தெரியும்படியாகவும், பின்னாலுள்ள கடைத்தெரு இரைச்சலை மாடிச் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்கும்படியாகவும் வைக்க முடியுமா என்றும் கேட்கலாம். இதற்கெல்லாம் முன்னால், வீட்டுக்குள் இருக்கும் வைஃபைப் பெட்டியையே சந்தேகியுங்கள். மாடியிலிருந்து வரும் கம்பியை நேரே கம்ப்யூட்டரில் செருகி, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். அப்போதும் திணறினால்தான் ஏணியை எடுக்க வேண்டும்.